மூடி திறந்தால் விக்கல்

அளவு எடுக்கப்போகும் முன் அவன் செய்கிற காரியங்களைப் பார்த்தால் யாருக்கோ அறுவைசிகிச்சை நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போடுவான். கைபேசியை அணைத்து அதன் பக்கத்தில் வைப்பான். மின்விசிறியை நிறுத்துவான். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, அது கிறீச்சிட்டு ஓயும்வரை காத்திருப்பான். கடைசியாக, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையைப் பின்னால் கதவுப் பக்கம் விரித்துப் பிடிப்பான். வராதீர்கள், பேசாதீர்கள், முடிந்தால் மூச்சும் விடாதீர்கள் என்று பொருள். திரையில் எண் ஓர் இடத்தில் நின்றதும் கை மெல்ல இறங்கும். அதுவரை அறையில் இருப்பவர்கள் கல்லாய்ச் சமைந்திருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர்கள் பேசுவதற்கும் அந்தக் கருவிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது அளப்பது ரேடியோ இரைச்சலை. பக்கத்தில் நின்று கூச்சல் போட்டாலும் அது கண்டுகொள்ளாது. அவனிடமே யாராவது இதைச் சொன்னால், "அதுக்குக் கேக்காது, எனக்குக் கேக்குதே" என்பான். அலுவலகத்தில் அவனுக்கு 'உஷ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதலாளிகூட, "உஷ் வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

காட்டு விலங்குகளின் கழுத்தில் கட்டுகிற பட்டைகளைச் செய்யும் சின்ன நிறுவனம் அது. பட்டைக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கும். மூச்சு விடுகிற மாதிரி விட்டுவிட்டு ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். வனக் காவலர்கள் ஆன்டெனாவும் ரிசீவரும் வைத்துக்கொண்டு அதைக் கேட்டு விலங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அந்த ரிசீவரின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயர்தான் அவன் பொறுப்பு. தூரத்திலிருந்து வரும் துடிப்பு நூலிழையாக வரும். அதைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் பெரிதாக்குகிற டிரான்சிஸ்டரே தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்துவிடும். காதுக்குள் வண்டு புகுந்தவனிடம் யாரோ எட்ட நின்று ரகசியம் சொன்னால் எப்படிக் கேட்கும்? அந்த வண்டைச் சாகடிப்பதுதான் அவன் தொழில். முதல் படியில் சேர்கிற இரைச்சலைப் பின்னால் வருகிற எந்தப் படியாலும் துடைக்க முடியாது என்பதால், முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் நிற்கும் குட்டிக் கம்பிச்சுருளை அவன் தன் கையாலேயே சுற்றுவான். பல்குத்தும் குச்சியால் சுற்றுகளை மயிரிழை அளவுக்கு நகர்த்துவான், அளப்பான், மறுபடி நகர்த்துவான். பக்கத்து மேசையில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் பெண்மணியை எல்லோரும் 'ஈயக்கா' என்று கூப்பிடுவார்கள். "வருஷக்கணக்கா ஒரே வண்டைத் துரத்துறாரு. வண்டுக்கே பாவமா இருக்கும்" என்பது அவள் கட்சி.

அந்தக் கையுயர்த்தல் மட்டும் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. அவனுடைய அப்பாவுக்கு இரவு வேலை. பகலெல்லாம் ஒற்றை அறை வீட்டின் நடுவில் போர்த்திக்கொண்டு தூங்குவார். எழுப்பிவிட்டால் கை நீண்டுவிடும். அடி வாங்குவது பெரும்பாலும் அண்ணன்தான். சின்ன வயதில் வந்த ஒரு மூளைக்காய்ச்சல் அண்ணனை உடம்பில் மட்டும் வளரவிட்டு, மனசைப் பள்ளிக்கூட வயதிலேயே நிறுத்திவிட்டிருந்தது. எப்போது சத்தம் போடலாம், எப்போது கூடாது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தம்பிதான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். நான் கையைத் தூக்கினால் நீ அசையக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது; கையை இறக்கினால்தான் விளையாட்டு முடிந்தது. அண்ணனை அந்த விளையாட்டில் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. தம்பி மறந்துபோய் வேறு வேலை பார்க்கப் போனால்கூட, கை இறங்கியதைக் கண்ணால் பார்க்காதவரை அண்ணன் இருந்த இடத்தில் இருந்தபடியே இருப்பான்.

அம்மாவும் போன பிறகு அண்ணன் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நல்ல சுபாவம். கறிகாய் நறுக்கித் தருவான், துணி மடிப்பான். இரைச்சல்தான் ஆகாது; மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். வலிப்புக்குக் காலையும் மாலையும் மாத்திரை. தவறினால் வலிப்பு வந்தே தீரும். ஒருமுறை கதவு திறந்திருந்த நேரத்தில் நடந்து போய்விட்டான். ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சில் பொழுது சாயும் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். மறுநாளே தம்பி தன் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டையைக் கொண்டுவந்தான். சின்ன விலங்குகளுக்கானது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனுஷனுக்கு மிருகப் பட்டையா, நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பிறகு அவளேதான் அதைப் பிரித்து, டிரான்ஸ்மிட்டரை மட்டும் எடுத்து, அண்ணனின் இடுப்பு பெல்ட்டுக்குள் அழகாக வைத்துத் தைத்துக்கொடுத்தாள். துடிப்புக்குத் துடிப்பு மினுக்கும் சிவப்பு விளக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஓட்டை விட்டாள். அண்ணனுக்கு அந்த விளக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"இது பளிச்சுன்னு இருக்கற வரைக்கும் நீ எங்க போனாலும் நான் வந்துடுவேன். மங்கினா என்கிட்ட சொல்லணும், தெரியுதா?" என்று தம்பி சொல்லிவைத்தான். அண்ணன் தலையாட்டினான்.

பேட்டரியை அவ்வப்போது மாற்ற வேண்டும். அந்த மாதம் மாற்றவேண்டிய நாள் வந்து, போயும் விட்டது. புது ஆம்ப்ளிஃபயர் இறுதிக் கட்டத்தில் இருந்தது. ஞாயிறு போடுகிறேன் என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்திலேயே கழிந்தது.

மறுநாள் காலை அறையில் அவன் மட்டும்தான். ஆம்ப்ளிஃபயரின் அலுமினியப் பெட்டி மூடி திறந்தபடி மேசையில் கிடந்தது. கடிகாரம் இழுப்பறைக்குள் போயிற்று, கைபேசி போயிற்று, மின்விசிறி நின்றது. குச்சியால் சுருளை ஒரு தட்டுத் தட்டினான். எண் இறங்க ஆரம்பித்தது. இத்தனை நாள் எந்த எண்ணுக்காக ஏங்கினானோ அதையும் தாண்டி இறங்கிற்று. அந்த நேரம் பார்த்துப் பின்னால் கதவு முனகியது. ஈயக்காவுக்கு நேரங்காலமே தெரியாது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, திரும்பாமலே கையைத் தூக்கினான். கதவு பூனை மாதிரி மெதுவாகச் சாத்திக்கொண்டது. எண் நின்றது. கையை இறக்கினான். நல்ல செய்தியை யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினால் அங்கே யாரும் இல்லை.

மகிழ்ச்சி கொஞ்ச நேரம்தான். பக்கத்துக் கருவிக்கு மாற்றி அலைவரிசை முழுவதையும் விரித்துப் பார்த்தபோது, புல்தரை மாதிரிக் கிடந்த பச்சைக் கோட்டின் நடுவிலிருந்து ஒரு முள் எழுந்து மறைந்தது. மறுபடி எழுந்தது, மறைந்தது. ஆம்ப்ளிஃபயர் தன்னிச்சையாகவே அலையை உண்டாக்க ஆரம்பித்தால் இந்தத் தொழிலில் அதைப் 'பாடுகிறது' என்பார்கள். இப்படி விட்டுவிட்டு வந்தால் 'விக்கல்'. பாடுகிற ஆம்ப்ளிஃபயரைக் குப்பையில்தான் போட வேண்டும். வெளியிலிருந்து எதுவும் நுழையாதபடி உள்வழியை அடைப்பான் போட்டுத் திருகியிருந்தான். ஆகவே முள் பெட்டிக்குள்ளிருந்துதான் பிறக்கிறது. வேறு வழியே இல்லை. மூடியை வைத்து அழுத்திப் பார்த்தான். முள் போய்விட்டது. எடுத்தான். வந்துவிட்டது. சந்தேகமே இல்லை, விக்கல்தான்.

அப்போதுதான் வாசல் காவலாளி மாடியேறி வந்து, உங்கள் வீட்டம்மா ஆபீஸ் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், உங்கள் கைபேசி அணைந்திருக்கிறதாம் என்றார்.

மனைவி மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் கதவு திறந்து கிடந்திருக்கிறது. அண்ணன் இல்லை. காலை மாத்திரை கிண்ணத்திலேயே இருக்கிறது. காவலாளியிடம், இங்கே யாராவது வந்தார்களா என்று கேட்டான். "இந்தப் பக்கம் யாரும் வரல சார்" என்றார் அவர். காலை முழுதும் பின்வாசலைத் திறந்துபோட்டு லாரிச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்ததை அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து அலுவலகம் நடந்து வரும் தூரமும் அல்ல.

மனைவியின் தம்பி, அவன் மச்சான், பைக்கை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வீட்டில் இருந்த பழைய ரிசீவரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறி, அவன் அண்ணன் முன்பு போன இடம், போகக்கூடிய இடம் எல்லாம் சுற்றினான். ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்கள். காவல் நிலையத்தில் புகைப்படத்தை வாங்கிப் பார்த்த அதிகாரி, பெரிய ஆள்தானே, பசித்தால் வந்துவிடுவார் என்றார். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் மனைவியின் குரல் உடைந்துபோயிற்று. மதியம் ஆனது. ரிசீவரில் வெறும் காற்றிரைச்சல்தான். பழையதற்கு நான்கு தெரு தாண்டினால் காது மந்தம். ஊரோ எந்தப் பக்கமும் முடிவில்லாமல் கிடக்கிறது. பேட்டரி நாளைச் சாயங்காலத்தைத் தாண்டாது என்று அவனுக்குத் தெரியும். விளக்கு அணைந்துவிட்டால் பிறகு அண்ணன் எந்தச் சந்தில் விழுந்து கிடந்தாலும் கேட்க வழியில்லை.

நடுத்தெருவில் நின்றபடியே, ஆய்வகத்துக்குப் போகிறேன் என்றான். மனைவிக்கு வந்ததே கோபம்.

"ஊரே தேடிட்டிருக்கு. நீங்க போய்ப் பெட்டி முன்னாடி உக்காரப் போறீங்களா?"

"பழசுக்குக் கேக்கல. புதுசுக்குக் கேக்கும்."

"கேக்குமா?"

"கேக்க வைக்கிறேன்."

அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். கதவைத் தாழ் போடாமல் போனவள் அவள். பேட்டரி போடாமல் விட்டவன் அவன். ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவரும் திறக்க வேண்டிவரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆய்வகத்தில் ஈயக்கா இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வழக்கமான கிண்டலை எல்லாம் மடித்து வைத்துவிட்டு, "என்ன செய்யணும்னு சொல்லுங்க சார்" என்று மட்டும் கேட்டாள். விக்கலை அடக்க வேண்டும், அதுவும் பொழுது சாய்வதற்குள். ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் அடங்கலாம். ஆனால் சேர்க்கிற ஒவ்வொரு ரெசிஸ்டரும் செத்த வண்டுக்கு மறுபடி சிறகு முளைக்க வைக்கும். அவள் வைத்தாள். முள் போகவில்லை. எடுத்தாள். தரையிணைப்பை மாற்றி வைத்தாள். போகவில்லை. டிரான்சிஸ்டரையே மாற்றினாள். புது டிரான்சிஸ்டரும் அதே இடத்தில், அதே தாளத்தில் விக்கியது. குச்சி சுருளில் படாமல் வழுக்கி வழுக்கிப் போயிற்று. மேசைக்காலை ஒட்டித் தரையிலிருந்து முளைத்து நின்ற பழைய கேபிள் கற்றை காலில் இடறியது. எந்தக் காலத்திலோ கீழ்த்தளத்து அறையில் சோதனை நடந்தபோது போட்டது. இப்போது யாருக்கும் பயனில்லாமல் வெட்டிய முனைகளோடு நின்றது. அதை ஓர் உதை விட்டான்.

"மூடி போட்டா அடங்குதே சார்" என்றாள் ஈயக்கா.

அதுதான் ஒரே வழியாக இருந்தது. மூடியின் உட்புறத்தில் கறுப்பு நுரைப் பஞ்சை வெட்டி ஒட்டினான். பெட்டியைப் பார்த்து, "வாயை மூடித் தொலையேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியை வைத்துத் திருகாணிகளை இறுக்கினான். திரையில் பச்சைப் புல்தரை அசையாமல் கிடந்தது. இவ்வளவு அமைதியான ஆம்ப்ளிஃபயரை அவன் அதற்கு முன் செய்ததே இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு மொட்டை மாடியில் ஏறி, புதுப் பெட்டியைப் பழைய ரிசீவருக்கு முன்னால் மாட்டி, ஆன்டெனாவைத் திசை திசையாகத் திருப்பினான். மச்சான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கோ ஊருக்கு அப்பாலிருந்து ஒரு டாக்சிக்காரன் பேசுவதன் நிழல்கூடக் கேட்டது. அவ்வளவு தூரம் காது நீண்டிருந்தது. அண்ணன் மட்டும் இல்லை. பாலத்தின் மேல் போய்க் கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் ஏறிக் கேட்டார்கள். முன்பு இரைச்சலோடு எதுவும் கேட்காமல் இருந்தது. இப்போது இரைச்சலே இல்லாமல் எதுவும் கேட்காமல் இருந்தது. பழைய ரிசீவரில் 'ஒருவேளை இருக்கலாம், இரைச்சலுக்கு அடியில் இருக்கலாம்' என்று நம்புவதற்கு இடம் இருந்தது. புதுப் பெட்டி அந்த இடத்தையும் பெருக்கித் துடைத்துவிட்டது.

அந்த இரவை எப்படிக் கழித்தார்கள் என்று கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. இரவு மாத்திரையையும் கிண்ணத்தில் எடுத்துவைத்தாள் மனைவி. பழக்கத்தில் எடுத்தாளா, வேண்டுதலாக எடுத்தாளா, அவளுக்கே தெரியாது.

மறுநாளும் பைக்கில் சுற்றினார்கள். பின்னால் உட்கார்ந்து ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனவனைப் பார்த்து, டிவி தெரியலையா அண்ணே என்று சிக்னலில் ஒருவன் சிரித்தான். மச்சான் இறங்கி அடிக்கப் போனான். பிணவறை வாசலில் ஒருமுறை நின்றார்கள். உள்ளே போனது மச்சான்தான். தலையை ஆட்டிக்கொண்டே அவன் வெளியே வந்தபோது, அந்தத் தலையாட்டலுக்கு எது அர்த்தம் என்று புரிவதற்குள் இவன் வாசலை நோக்கி ஓடப்போய் இடறி விழுந்தான். தோளில் தொங்கிய பெட்டி சிமெண்டுத் தரையில் மோதியது. கனெக்டர் ஒடிந்தது.

"விடுங்க மாமா, அதான் எதுவும் கேக்கலையே" என்றான் மச்சான்.

அவனால் விட முடியவில்லை. ஒடிந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆய்வகத்துக்கு வந்தான். மாலைக்கு இன்னும் கொஞ்சம் நேரம்தான் இருந்தது. திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தான். ஈயக்கா புதுக் கனெக்டரை வைத்து, உள்வழியை அடைப்பானால் திருகிக் கருவியில் மாட்டினாள். முள் எழுந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் நேற்றைய உயரம் இல்லை. அடுத்த முள்ளுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. வராது என்று கண்ணை எடுக்கப்போன நேரத்தில், இன்னும் கொஞ்சம் குட்டையாக, இன்னும் கொஞ்சம் கீழ் அலைவரிசையில், சோர்ந்து எழுந்தது.

அவன் அப்படியே நின்றான். ஆம்ப்ளிஃபயரின் விக்கல் களைப்படையாது. மின்சாரம் இருக்கும்வரை அதே உயரம், அதே தாளம். களைப்படைவது பேட்டரிதான்.

பாடுகிற ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. திறந்த சுருளுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் அது பாடுகிற அலைவரிசை நழுவும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். நேற்றிலிருந்து இந்த நிமிஷம்வரை அதை அவன் செய்யவே இல்லை. இப்போது விரலை நீட்டினான். முள் உயரத்தில் சற்று ஆடியது. இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அது பாடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது. உள்வழியை அடைத்தாலும், மூடி இல்லாதபோது அவன் கையால் சுற்றிய அந்தச் சுருளே ஓர் ஆன்டெனாவாகி, எதையோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் வாயைத்தான் அவன் அடைத்தான். வாயைக்கூட அல்ல, காதை.

பெட்டியை மேசைமேல் இப்படியும் அப்படியும் இழுத்தான். சுவர்ப் பக்கம் போனால் முள் தாழ்ந்தது. மேசைக்காலின் பக்கம் வந்தால் உயர்ந்தது. தரையிலிருந்து முளைத்த கேபிள் கற்றையின் வெட்டிய முனையருகே பெட்டியைப் பிடித்தபோது, சாகப்போகும் அந்தத் துடிப்பு திரையின் பாதி உயரத்துக்கு எழுந்து நின்றது.

கேபிள் கீழே போய்ச் சேருவது செப்பறைக்கு. சுவர், தரை, கூரை, கதவு எல்லாம் செப்புத்தகடு அடித்து, மேலே நுரைக்கூம்பு ஒட்டிய அறை. ரேடியோ அலை நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. பழைய கேபிள் வழியே ஒழுகுவதைத் தவிர. பேச்சுச் சத்தமும் அப்படித்தான். புது அறை கட்டிய பிறகு அதில் காலி அட்டைப்பெட்டிகளைத்தான் போட்டுவைத்திருந்தார்கள். கதவின் உட்பக்கக் கைப்பிடி ஒடிந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரு விடுமுறை நாளில் அண்ணனை அலுவலக வண்டியில் இங்கே கூட்டிவந்தபோது, ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பயந்து நடுங்கினான். தம்பிதான் அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தான். அண்ணனின் முகம் மலர்ந்தது. "இங்க ஒண்ணுமே கேக்கல தம்பி" என்று ரகசியக் குரலில் சொன்னான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

படிகளில் அவன் எப்படி இறங்கினான் என்று ஈயக்காவால் சொல்ல முடியவில்லை. அவள் பின்னால் ஓடிவந்து பார்த்தபோது கனத்த கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து மூத்திர வாடையும் புழுக்கமும் வந்தன. அவன் வலது கையில் டார்ச் இருந்தது. இடது கை தலைக்கு மேலே கதவு நிலையைப் பிடித்திருந்தது. அண்ணன் ஒரு மூலையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, சாய்ந்த வாக்கில் உட்கார்ந்திருந்தான். உதட்டோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறான். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

"அண்ணா... அண்ணா..."

அண்ணனின் பார்வை தம்பியின் முகத்தில் படவில்லை. நிலையைப் பிடித்திருந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அண்ணனின் முன்னால் போய் மண்டியிட்டான். கையும் கூடவே இறங்கியது.

அண்ணன் உதட்டைப் பிரித்தான். குரல் வருவதற்கு நேரம் பிடித்தது.

"முடிஞ்சுதா?"

அந்த நேரத்தில் அவனுக்கு எதுவும் புரியவில்லை. முடிஞ்சுது, முடிஞ்சுது என்று சொல்லிக்கொண்டே அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டான். ஆம்புலன்சுக்காக வாசற்படியில் காத்திருந்தபோதுதான், ஈயத்துளி காய்ந்த விரல்களால் அண்ணனுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஈயக்காவிடம், நேற்றுக் காலையில் கதவைத் திறந்துவிட்டு ஏன் ஒன்றும் சொல்லாமல் போனாய் என்று கேட்டான்.

"காலையிலயா? நான் நேத்து மதியம்தானே சார் வந்தேன்."

அப்படியானால் கதவைத் திறந்தது அண்ணன்; தூக்கிய கையைப் பார்த்துவிட்டு, லாரி இரைச்சலுக்குத் தப்பிச் சத்தமே இல்லாத அறைக்கு இறங்கி, விளையாட்டு முடியக் காத்திருந்திருக்கிறான். அவன் தன் இடது கையைப் பார்த்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி முழங்காலில் வைத்தான், எடுத்தான், பிறகு தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

அண்ணன் பிழைத்தான். ஆனால் அந்தச் செப்பறையில் எத்தனை முறை வலிப்பு வந்ததோ, வலது கால் இப்போது இழுத்துக்கொண்டுதான் நடக்கிறது. சில நாட்களில் தம்பி மனைவியின் முகம் சட்டென்று அவனுக்கு அடையாளம் தெரிவதில்லை. கறிகாய் நறுக்கக் கத்தியைக் கொடுப்பதில்லை. அந்த ஆம்ப்ளிஃபயரை நிறுவனம் இன்றைக்கும் விற்கிறது. அதைப்போல அமைதியானது வேறில்லை என்று வனக் காவலர்கள் எழுதுகிறார்கள். தம்பி இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறான். அளவு எடுக்கும்போது கடிகாரத்தைக் கழற்றுகிறான், மின்விசிறியை நிறுத்துகிறான். கைபேசி மட்டும் விழித்தபடி மேசைமேலேயே இருக்கிறது. இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறான். கதவு முனகினால் திரும்பிப் பார்க்கிறான். யாரும் அவனை இப்போது உஷ் என்று கூப்பிடுவதில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்து வெகுநாள் கழித்து, பெல்ட்டைப் பிரித்துப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தான். மனைவி நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் யாருக்கும் சொல்லாமல் எதற்காக நடந்தாய் என்று அதுவரை அவர்கள் அண்ணனைக் கேட்டதில்லை. வழி தவறிப் போய்விட்டான் என்றே எடுத்துக்கொண்டார்கள். அன்றும் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு பளிச்சென்று மினுக்கியதும் அண்ணன் அதை எட்டிப் பார்த்து, அவனாகவே சொன்னான்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் தம்பி. லைட்டு மங்கிடுச்சு."